என் முறை வருவதற்குள்

வாசிப்பு நேரம் என்றால் உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறதோ தெரியவில்லை. எனக்கு வயிறு கலங்கும். ஐம்பதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த வயதில்கூட, பிள்ளைகள் வரிசையாகப் புத்தகம் வாசிக்கும் சத்தம் கேட்டால் கழிவறை எந்தப் பக்கம் என்று என் கண் தேடுகிறது.

பழைய வகுப்பு நண்பர்கள் எல்லோரும் கூடப்போகிறோம், ஆளுக்கு ஒரு பள்ளி நினைவைக் கொண்டுவாருங்கள் என்று கைப்பேசிக் குழுவில் சொன்னீர்கள். கேன்டீனில் விற்ற மீகூன் நூடுல்ஸைப் பற்றி, திடலில் தண்ணீர் ஏறிய நாளைப் பற்றி, விளையாட்டுப் போட்டியில் கிழிந்த கால்சட்டையைப் பற்றி எல்லாம் வந்துவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு வருடம் முழுக்கப் பயந்த கதைதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் நம் பள்ளி. மூன்றாம் வகுப்பு. துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் வகுப்பறைக்குள் செம்பனை எண்ணெய் வாசம் வரும். வாசிப்பு நேரத்தில் சன்னலோர வரிசையிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வேண்டும். உங்கள் குரல் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வரும். எனக்கு முன்னால் உட்கார்ந்தவள் மூச்சு விடாமல் வாசிப்பாள். அவள் முடித்துவிட்டால் நான். பென்சிலைக் கீழே போடுவேன். மேசைக்கு அடியில் போய்த் தேடுவேன். ஒன்றுக்கு வருகிறது என்பேன். ஒருநாள் மூக்கைச் சுரண்டி ரத்தம் வரவைத்தேன்.

எழுத்துகள் எனக்கு நிற்காது. அதை அப்போது யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 'கெ'யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தம் மட்டும் பின்னால் வருகிறது. அதை எப்படி நீங்களெல்லாம் கண்டுபிடித்தீர்கள்? 'ண'வில் சுழி எத்தனை, 'ன'வில் எத்தனை என்று எண்ணி முடிப்பதற்குள் முதல் எழுத்து எது என்பது மறந்துபோகும். மலாய்ப் பாடத்தில் ரோமன் எழுத்துகளான சின்ன 'பி'யும் 'டி'யும் ஒன்றுக்கொன்று முதுகைத் திருப்பிக்கொண்டு என்னைக் கேலி செய்யும்.

கையும் காலும் அடங்காது. அது வேறு கதை. நான் உட்கார்ந்திருந்தால் நாற்காலி ஆடும், நாற்காலி ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் பக்கத்தில் இருப்பவளின் எழுத்து கோணலாகும். வகுப்பாசிரியை என்னைக் கதவோரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார். "குப்பை போடப் போறேன், குப்பை போடப் போறேன்னு எந்திரிச்சுக்கிட்டே இருக்கா. அங்கேயே இருக்கட்டும்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

வீட்டில் அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை பார்த்தார். அக்கா இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மூவருமே என்னைத் திருத்தப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு என் கண்தான் கோளாறு என்று நிச்சயம். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். மண்ணிறச் சட்டம், காதுக்குப் பின்னால் வெட்டும். திரும்பி வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளைக் காட்டி "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பலகைகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. வாசிக்கத்தான் முடியவில்லை. ஒரு கட்டத்தில் அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். அவருடைய முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த முதுகு இறுகியது தெரிந்தது. அந்தக் கண்ணாடி எப்போது எங்கே தொலைந்தது என்று எனக்கு நினைவில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

அம்மா வேறு வழி பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதும்போது என் காலை நாற்காலிக் காலோடு பழைய துண்டால் கட்டுவார். இறுக்கமாக இல்லை, நான் எழுந்தால் நினைவுபடுத்துகிற அளவுக்கு. "கொஞ்ச நேரம்தான்மா, இத முடிச்சிரு" என்று கெஞ்சிக்கொண்டே கட்டுவார். இப்போது நான் ஒரு தாய். அந்தத் துண்டை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று அந்த ஊரில் அம்மாவிடம் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆண்டின் நடுவில் தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சட்டை, மேசையின் ஓரத்தில் கிடக்கும் ரோத்தான் பிரம்பு, நடந்தால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் காலணி. நான் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். கதவு பாதி திறந்திருந்தது.

"அம்மா, நான் கெட்டவன் இல்ல. மூணாவது வருஷமா பாக்குறேன். இந்தப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி கம்மி. இங்க வச்சிருந்தா அவளும் படிக்க மாட்டா, மத்ததுங்களும் படிக்காது."

"வீட்டுல நல்லா பேசுறா சார். வாய்க் கணக்கு கேட்டா டக்குன்னு சொல்றா."

"பேச்சு வேற, படிப்பு வேற. கோலாலம்பூர்ல, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம், இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு. தங்குற எடமும் இருக்கு. மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துக்கலாம்."

மாதத்துக்கு ஒருமுறை. அந்த இரண்டு சொற்கள் என் காதுக்குள் போய் உட்கார்ந்தன. மறுநாள் ஆறாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் கேட்டேன், பிரிக்ஃபீல்ட்ஸில் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் எப்படி இருக்கும் என்று. அவளுக்கு எல்லாம் தெரியும். "கட்டிலோட கட்டிப் போடுவாங்க. அழுதா ஊசி" என்றாள். எனக்கு அது நம்பமுடியாததாக இல்லை. வீட்டில்தான் துண்டு இருந்ததே.

அம்மா தலைமையாசிரியரிடம் ஒரு தவணை கேட்டு வாங்கி வந்திருந்தார். ஆகஸ்ட் விடுமுறை முடிந்ததும் அவர் முன்னால் நான் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா யோசித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "நீ படி, அவ கேக்கட்டும். புத்தகம் பூரா மனப்பாடம் ஆயிருச்சுன்னா எந்தப் பக்கம் கேட்டாலும் சொல்லிரலாம்ல" என்றார்.

அக்கா வீட்டுக்கு வெளியே துணி காயப்போடும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். நான் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி திருப்பிச் சொல்வேன். நடந்தால் சொற்கள் உள்ளே இறங்கும். விடுமுறை முடிவதற்குள் முழுப் புத்தகமும் எனக்கு வந்துவிட்டது. சேவல் படம் இருந்தால் சேவல் பாடம், குடை படம் இருந்தால் மழைப் பாடம். அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. அக்கா மட்டும், "அம்மா, இவ படிக்கல லா. சொல்றா" என்றாள். "எதுவா இருந்தா என்ன" என்றார் அம்மா.

அந்த நாள் வந்தது. தலைமையாசிரியர் அறையில் நான், அம்மா, வகுப்பாசிரியை. மூலையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு புதிதாக வந்த ஆசிரியை ஏதோ தேடிக்கொண்டிருந்தார். வடக்கே கெடா மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அதனால் நாம் அவரைக் கெடா டீச்சர் என்போம். தலைமையாசிரியர் புத்தகத்தைத் திறந்தார். சேவல். நான் ஆரம்பித்தேன். தங்குதடையின்றிச் சொன்னேன். வகுப்பாசிரியையின் புருவம் உயர்ந்தது. அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் சில பக்கங்களைப் புரட்டினார். "இத வாசி."

அந்தப் பக்கத்தில் படம் இல்லை. ஒரு பாடத்தின் நடுப்பக்கம். கறுப்பாக எறும்புக் கூட்டம். ஏதாவது சொல்ல வேண்டும். புத்தகத்தின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தடிமனை வைத்துக் கணக்குப் போட்டு, மழைப் பாடத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்தேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு, விரலைக்கூட வரிமேல் ஓட்டிக்கொண்டு.

நான் சொல்லிக்கொண்டே போனேன். யாரும் நிறுத்தவில்லை. அந்த அமைதியில்தான் தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. தலைமையாசிரியர் புத்தகத்தை அம்மா பக்கம் திருப்பினார்.

"இது நரிப் பாடம்மா. உங்க பிள்ள மழைய வாசிக்குது." புத்தகத்தை மூடினார். "ஏமாத்துறதுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

அம்மாவின் காது மடல் சிவந்தது. "வர்ற சனிக்கெழம போய் அந்த எடத்தப் பாத்துட்டு வாங்க" என்றார் தலைமையாசிரியர். வெளியே வந்தபோது கெடா டீச்சர் பின்னாலேயே வந்தார். தாழ்வாரத்தில் குனிந்து என்னிடம், "நரிப் பாடம் உனக்கு வருமா?" என்று கேட்டார். நான் நரிப் பாடத்தைச் சொன்னேன். "கடைசிப் பாடம்?" அதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "அக்கா, மூளை இல்லாத பிள்ளையால இது முடியாது" என்றார். அம்மா அன்று எதையும் கேட்கும் நிலையில் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை காலை அம்மா துணிப்பை ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதைத் திறந்து பார்த்தேன். என் சிவப்புக் கவுன் இருந்தது. என் துண்டு இருந்தது. ஜட்டி இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பார்த்துவிட்டு வரப் போகவில்லை, விட்டுவிட்டு வரப் போகிறார்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அப்பா வேலைக்குப் போகுமுன் என் தலையைத் தடவினார். வழக்கமாகச் செய்ய மாட்டார். அதுவும் சேர்ந்துகொண்டது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரோஸ் நிற மினி பஸ். வழியெல்லாம் அந்தப் பை அம்மாவின் மடியில் இருந்தது. இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கடைகளை, கம்பங்களை, சாக்கடைப் பாலங்களை மனதில் பதித்துக்கொண்டே வந்தேன். தனியாகத் திரும்பி நடக்க வேண்டியிருந்தால் வழி தெரிய வேண்டும் அல்லவா.

அந்த இல்லம் மாமரம் நிற்கும் ஒரு பழைய பங்களா. பொறுப்பாளர் அம்மாள் பருமனாக, சிரித்த முகமாக இருந்தார். "பாப்பா இங்க உக்காந்திருக்கட்டும், நீங்க உள்ள வாங்க" என்று அம்மாவை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பை அம்மாவோடு உள்ளே போயிற்று.

கூடத்தில் சில பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைவிடப் பெரிய பெண் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள். அவளுக்குப் பேச்சு சரியாக வராது. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ அழுத்தினாள். நான் ஊசி என்று நினைத்தேன். பாதி பிஸ்கட். அதைப் பார்ப்பதற்குள் என் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. வாசல், மாமரம், கேட், சாலை.

பிரேக் போடும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒரு மினி பஸ்ஸின் முன்பக்கம் என் முகத்துக்கு நேரே நின்றது, அதன் சூடு என் நெற்றியில் பட்டது. கண்டக்டர் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சாலையோரம் நிறுத்தினார். "ஏ பாப்பா, யாரு பிள்ளை நீ" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். என்னைப் பிடித்து உலுக்கினார், பிறகு கட்டிக்கொண்டார், மறுபடி உலுக்கினார்.

"ஏன்டி ஓடுன? ஏன்டி?"

"என்னை விட்டுட்டுப் போயிருவியே."

"யாரு சொன்னா?"

"பையில என் கவுன் இருக்கு."

அம்மா உலுக்குவதை நிறுத்தினார். "நீ பஸ்ஸுல வாந்தி எடுப்பியேடி. அதுக்கு எடுத்து வச்சேன்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கண்டக்டர் எங்கள் பக்கம் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பொறுப்பாளர் அம்மாள் எங்களை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "ஹெட்மாஸ்டர் சொன்னாருன்னு நாங்க சும்மா சேத்துக்க முடியாதுமா. இவளப் பாத்தா இங்க வர்ற பிள்ளை மாதிரி எனக்குத் தெரியல. முதல்ல பெரிய ஆஸ்பத்திரில பிள்ளைங்க டாக்டரப் பாருங்க" என்றார். பிஸ்கட் கொடுத்த பெண் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்று யோசித்தால், அந்தக் கூடத்தில் பயப்பட வேண்டிய ஒரு பொருளும் இருக்கவில்லை. பயத்தை நாங்கள்தான் பண்டமாரானிலிருந்து சுமந்துகொண்டு போயிருந்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை அப்பா விரும்பவில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு ஊரே பேசும் லா. வேணாம். ஸ்கூல விட்டு நிறுத்திரு. வீட்டுல இருக்கட்டும். எத்தன பேரு படிக்காம நல்லா இருக்கான்" என்றார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "அவ நல்லா இருக்கிறது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னன்னு தெரியணும் எனக்கு" என்றார். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

டாக்டர் ஒரு மலாய்க்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்று தாதி சொன்னார். என்னை உட்காரச் சொல்லவே இல்லை. நான் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கட்டைகளை அடுக்கச் சொன்னார். ஒரு நீண்ட கதை சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு ஓர் எளிய பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் பக்கத்தைப் பார்த்ததுமே மூக்கைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவர் பக்கத்தை எடுத்து மூடி வைத்துவிட்டார்.

அம்மாவிடம் மெதுவான மலாயில் பேசினார். அம்மா தொழிற்சாலை மலாயில் பதில் சொன்னார். பிள்ளை புத்திசாலி. எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் இடத்தில் மட்டும் சிக்கல். அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அடங்கி உட்கார முடியாததற்கும் தனியாக ஒரு காரணம் இருக்கலாம் என்று சந்தேகம், இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. அடித்தால் சரியாகாது. வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பள்ளி மனது வைக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடியே வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டபோது, "டிஸ்லெக்சியா, டிஸ்லெக்சியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறந்துவிடக் கூடாது என்று.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் நின்றபோது அந்தச் சொல் அம்மாவின் வாயில் புரண்டுவிட்டது. "சார், இவளுக்கு டிக்... டிஸ்கெலியா சார்" என்றார். தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன லியா?"

அம்மாவுக்கு மறுபடி காது சிவந்தது. அப்போது கெடா டீச்சர் உள்ளே வந்தார். அம்மா அவரை முன்பே பார்த்துப் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். "டிஸ்லெக்சியா சார். பயிற்சிக் கல்லூரில எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்தாங்க. பின்தங்கின பிள்ளைங்களுக்குக் குறைநீக்கல் வகுப்புன்னு மத்த ஸ்கூல்ல ஆரம்பிச்சிருக்காங்க. தினம் ஒரு பாட வேளை எனக்குக் குடுங்க, நான் பாக்குறேன்."

"எங்க வச்சு? எடம் எங்க இருக்கு?"

"ஸ்டோர் ரூம் இருக்கு சார்."

தலைமையாசிரியர் பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி இப்போது வேறு மாதிரியும் நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள், தேர்ச்சி குறைந்தால் பிள்ளைகள் குறைவார்கள். அவருக்கும் மேலே யாரோ ரோத்தான் வைத்திருந்தார்கள். கடைசியில், "வருஷக் கடைசில நான் ஒரு பக்கம் குடுப்பேன். அவ பாக்காத பக்கம். வாசிச்சா இருக்கட்டும். இல்லன்னா நீங்க வேற எடம் பாத்துக்கணும்" என்றார்.

ஸ்டோர் ரூமில் சாக்கு ஓட்டப் பந்தயத்துக் கோணிகளும் கிழிந்த கொடிகளும் உடைந்த உலக உருண்டையும் இருந்தன. எலிப் புழுக்கை வாசம். சன்னல் என்று உயரத்தில் ஒரு சிறிய துவாரம்தான். கெடா டீச்சர் கொம்புகளை எல்லாம் சிவப்பு மையில் எழுதினார். அட்டையில் சின்னச் சதுரம் வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி வைத்தார். என்னை நடக்கவிட்டார். எழுத்தைக் கையால் தடவிப் பார்த்தால் நன்றாக நிற்கும் என்று சொல்லி, உப்புத்தாள் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டார்.

உப்புத்தாளை அப்பா கொண்டுவந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அம்மா கெடா டீச்சரிடம் பேசியது எப்படியோ காதில் விழுந்திருக்க வேண்டும். துறைமுகப் பட்டறையில் கேட்டு வாங்கிச் சுருட்டி மோட்டாரின் முன்பக்கம் சொருகிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக வெட்டினார். அவருடைய தடித்த விரல்களில் கத்தரிக்கோல் மாட்டிக்கொள்ளும். 'ழ'வை வெட்டும்போது வாயைக் கோணிக்கொள்வார். வெட்டிய எழுத்துகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

பயம் போகவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். உதவி கிடைத்த பிறகு பயம் கூடியது. அதற்கு முன் என்னால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது முடியலாம். முடியாமலும் போகலாம். ஸ்டோர் ரூமுக்கு வெளியே தலைமையாசிரியரின் காலணிச் சத்தம் கேட்கும், சில சமயம் கதவுக்கு நேரே நிற்கும். அப்போது நேற்று படித்த எழுத்துகூட உப்புத்தாளிலிருந்து நழுவிவிடும். தீபாவளி நெருங்கியது. அக்கா புதுத்துணி பற்றிப் பேசினாள். நான் ஒவ்வொரு ராத்திரியும் அந்த மாமரத்தையும் அந்தக் கேட்டையும் நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

பள்ளி ஆண்டு முடிகிற வாரம். அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு பாதி வேலையில் வந்துவிட்டார். தலைமையாசிரியர் என்னை எதிரில் உட்கார வைத்து, நான் பார்த்தேயிராத ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். என் கால் ஆட ஆரம்பித்தது. மேசை ஆடியது. பேனாக்கள் வைத்திருந்த குவளை சாய்ந்து, பேனாக்கள் உருண்டு தரையில் கொட்டின. எழுத்துகள் எல்லாம் எழுந்து போய்விட்டன. ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை.

கெடா டீச்சர் குனிந்து பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே, "சார், நடந்தா அவளுக்கு வரும். நடந்துக்கிட்டே வாசிக்கட்டுமா?" என்றார்.

தலைமையாசிரியர் எழுந்தார். மேசையின் ஓரத்துக்குக் கை நீண்டது. ரோத்தான் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். "வா" என்றார்.

தாழ்வாரத்தில் நாங்கள் நடந்தோம். அவர் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்தபடி குனிந்து நடந்தார். நான் அட்டைச் சதுரத்தை வரிமேல் நகர்த்தினேன். ஒரு சொல். ஓர் அடி. அடுத்த சொல். அவருடைய காலணிச் சத்தம் என் நடைக்கு ஏற்றபடி மெதுவாகியது. நீங்கள் எல்லோரும் சன்னல் வழியாகப் பார்த்தீர்கள். யாரோ ஒருவன் சிரித்தான். தலைமையாசிரியர் தலையைத் திருப்பாமலே, "பேசாம இரு" என்றார். தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பினோம். இரண்டு சொற்களைத் தப்பாகச் சொன்னேன். ஒன்றைத் திரும்பிப் போய்த் திருத்தினேன். அவர் காத்திருந்தார். பாதிப் பக்கம் மிச்சமிருக்கும்போது ஓய்வு மணி அடித்தது. நான் நிற்கவில்லை. நின்றால் எல்லாம் போய்விடும். நீங்கள் எல்லோரும் எங்களைச் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினீர்கள். கடைசி வரியைக் காற்றாகத்தான் சொன்னேன்.

அவர் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனவரில வரட்டும்" என்றார் அம்மாவிடம். பிறகு கெடா டீச்சரைப் பார்த்து, "அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் போடச் சொல்றேன். வேற யாரும் இவள மாதிரி இருந்தா பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை. தேர்வுகளில் எனக்கென்று கூடுதல் நேரம் யாரும் தரவில்லை. ஆறாம் வகுப்பு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தேன், அதாவது உட்காராமல் இருந்தேன். இரண்டு ஆண்டில் கெடா டீச்சருக்கு மாற்றல் வந்தது. இன்று நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வாசிப்பேன், மெதுவாக. நீண்டதாக எழுத வேண்டுமென்றால் மகளைக் கூப்பிடுவேன். டாக்டர் அன்று சந்தேகப்பட்ட அந்த இன்னொரு விஷயத்தை யாரும் உறுதிசெய்யவே இல்லை. என் வண்டியில் ஏறுகிற பிள்ளைகளில் கால் அடங்காத ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவர்களை எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொள்வேன்.

அன்றைக்கு அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா பேசவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன், ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று. பெரிய சாக்கடைப் பாலத்துக்கு வந்ததும் நின்று, "அந்தப் பக்கத்துல என்னா கதைடி? கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்து வந்ததில், அந்தச் சொற்கள் சேர்ந்து என்ன சொல்லின என்று எனக்குத் தெரியவில்லை. யானையா, ராஜாவா, மழையா, எதுவும் தெரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தார். "எனக்கும் தெரியலடி. நீ எங்க நிப்பாட்டிருவியோன்னே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் காதுல விழல" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீருடைத் தொப்பி நழுவிக் கழுத்தில் தொங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வருடம் முழுக்க அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னவென்று புரியாமலே நானும் சிரித்தேன்.